பெயர் சொல்லாமல் வந்தவள்

ரயில் நிலைய வாசலில் அமலி தினமும் ஒதுங்கி நிற்பாள். கூட்டம் குறைந்த பிறகுதான் அறிதளத்தில் கால் வைப்பாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தாமலே அதைக் கடந்து போனார்கள். தரைக்கு அடியிலிருந்த சென்சார்கள் ஒவ்வொருவரின் நடையையும் படித்து, பெயர் சொல்லி வணங்கி, கதவைத் திறந்தன. அட்டையும் கைரேகையும் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. முகத்தை மாற்றிக்கொள்ளலாம், நடையை மாற்ற முடியாது என்று அரசு நம்பியது.

அமலியின் நடையோ, யாராவது பார்த்தால் மாறிவிடும். தோள் சுருங்கும். கால் சுவரோரம் ஒதுங்கும். ‘மங்கல்’ என்று தரை அறிவித்து, மறுபடி நடக்கச் சொல்லும். பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், நடை இன்னும் மங்கும். மங்கல் நீடித்தால், அடையாளமாகப் பதிவான நடைக்குறி ரத்தாகும். ரத்தானவர்களை மறுபதிவு முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அங்கிருந்து திரும்பிய எவரையும் அமலி கண்டதில்லை. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கைதான் மிச்சம்.

அதனால்தான் நடிப்பும் உடலசைவும் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கதவருகே தயங்கியவளைப் பர்வீன் என்ற பெண் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“வாப்பா. இங்க யாரும் கடிக்க மாட்டாங்க, மாஸ்டரைத் தவிர.”

சென்சார் இல்லாத பழைய மரத்தளம் அது. மாஸ்டர் இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் நடையை மற்றவர் நடக்கச் சொன்னார். பர்வீன் தோளைக் குறுக்கிச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். அமலிகூடச் சிரித்துவிட்டாள். பிறகு அமலி நடந்தாள். ஓரத்தில் நின்று மனிதர்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். குதிகால் அழுந்தியது, இடது கை வீசியது, முகவாய் உயர்ந்தது. அச்சு அசல் பர்வீன்.

“அடிப்பாவி, நான் இவ்ளோ திமிராவா நடக்கிறேன்?” என்றாள் பர்வீன்.

வகுப்பு முடிவில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் களைதல் என்று பெயர். ஒவ்வொருவரும் இரவல் நடை ஒட்டிக்கொள்ளாதபடி கைகால்களை உதறி, தன் பெயரை உரக்கச் சொல்லி, தன் நடையில் ஒரு சுற்று வரவேண்டும். அதைச் செய்யாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அத்தனை பேர் முன்னால் தன் பெயரைச் சொல்ல அமலிக்குக் கூசியது. தன் முறை வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டாள்.

தெருவில் அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அன்று நிலைய வாசலில் அவள் கூட்டம் குறையக் காத்திருக்கவில்லை.

“வணக்கம், பர்வீன்” என்றது தரை. கதவு திறந்தது.

உள்ளே போன பிறகுதான் அந்தப் பெயர் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பர்வீன் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள்.

“பர்வீன் ஏற்கெனவே உள்ளே சென்றுவிட்டார்” என்றது தரை. “நீங்கள் யார்?”

காவலர்கள் வந்தார்கள். பர்வீன் முதலில் சிரித்தாள், பிறகு விளக்கினாள். அவர்கள் கேட்பதாக இல்லை. கடைசியில் கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

“அமலி, நீயாவது சொல்லேன். உன் நடையில ஒருவாட்டி நடந்து காட்டு, போதும்.”

சொன்னால், இன்னொருத்தி நடையில் நுழைந்ததற்காக அமலியின் குறி அங்கேயே ரத்தாகும். ஒரு காவலர் அவளிடம் வந்தார். நிலையமே அவளைப் பார்த்தது.

“நீங்கதான் பர்வீனாம்மா?”

தன் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தாள். முகவாய் தானாக உயர்ந்தது.

“ஆமா, சார்.”

குரலில் துளி நடுக்கம் இல்லை.

பர்வீனின் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது. இருபுறமும் காவலர்கள் வர, எல்லோரும் பார்க்க, தோள் சுருங்கி, சுவரை ஒட்டி, தலை குனிந்து நடந்தாள். அவள் காலடியில் தரை ஒளிர்ந்தது.

“அமலி. மங்கல். இறுதி எச்சரிக்கை.”