முடிச்சில்லாத தையல்

ஊசி ஈரமாகத் திரும்பி வந்தது.

லோயிஸ் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். மெழுகு தேய்த்த நூலில் தண்ணீர் ஒட்டாமல் மணிமணியாக நின்றது. வெளியே மழை. நனைந்து வந்த கையோடு மகள் ஊசியைப் பிடித்திருப்பாள்.

“ஏட்டி, கையத் தொடச்சிட்டுப் பிடி. ஊசி துருப்பிடிச்சிரும்.”

குறுக்கே தொங்கிய படகுப் பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. லோயிஸ் ஊசியை மறுபடி குத்தி அனுப்பினாள். மூன்று எண்ணுவதற்குள் அது திரும்பி வந்தது, சரியான இடைவெளியில், கோடு போட்டதுபோல. காலையிலிருந்து ஸ்வீட்டி ஒரு தையல்கூட இவ்வளவு நேராகப் போட்டதில்லை.

மெட்டுகுடா சந்துக்குள் இருந்த அந்த வீட்டின் கூடத்தைப் படகுப் பாய் இரண்டாகப் பிரித்துக்கொண்டு தொங்கியது. சுவருக்குச் சுவர் கொடிக்கயிறு கட்டி அதில் போட்டிருந்தார்கள். வாசல் கதவும் ஜன்னலும் ஸ்வீட்டியின் பக்கம், அடுக்களை லோயிஸின் பக்கம். பாயின் அடி விளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒட்டுப் போடவேண்டிய இடம் மூன்று மடிப்புக் கனம். தையல் மெஷினில் கொடுத்தபோது இரண்டு ஊசி முறிந்தது. அதனால் கைத்தையல். ஒருத்தி இந்தப் பக்கமிருந்து குத்தி அனுப்ப, இன்னொருத்தி அந்தப் பக்கம் வாங்கித் திருப்பிக் குத்தவேண்டும்.

நேற்று அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து போட்டபோது ஸ்வீட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மம்மி, இர்பான் பாய் குடுத்த பாய்! பாய்கிட்டருந்து பாய்!” இர்பான், ஏரிக்கரைப் படகுக் கழகத்தில் படகுகளைப் பார்த்துக்கொள்பவர். கொட்டகை மூலையில் கிடந்த பழைய பாய் அது. கிழிசலைத் தைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஒரு படகைத் தனியாக ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். பதினேழு வயதில் முதல் தடவையாகத் தனியாக.

லோயிஸுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். கணவன் ஆரோன் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு பெண். ஆனால் பயத்தைச் சொன்னால் ஸ்வீட்டி தோளைக் குலுக்கிவிட்டுத் தெலுங்கில் ஏதாவது சொல்லிப் போய்விடுவாள். கான்வென்ட்டில் சேர்ந்த நாளிலிருந்து ‘மம்மி’தான். ‘அம்மா’ என்று ஒரு தடவையாவது கூப்பிடமாட்டாளா என்று லோயிஸ் பல நாள் நினைத்ததுண்டு; கேட்டு வாங்கும் வார்த்தையா அது என்று வாயை மூடிக்கொண்டதும் உண்டு. பேச்சில் செலவழிக்காத பயத்தையெல்லாம் அவள் இப்போது நூலில் இறக்கிக்கொண்டிருந்தாள். தையல் விடாவிட்டால் பாய் கிழியாது. பாய் கிழியாவிட்டால் படகு கவிழாது. படகு கவிழாவிட்டால் பிள்ளை வீடு வந்து சேரும்.

காலையில் பழைய ஒட்டைப் பிரித்தபோதே அவளுக்கு ஒன்று உறுத்தியது. அந்தத் தையலில் முடிச்சே இல்லை. ஐந்து வரிசை, ஐந்திலும் நூல் நுனி அப்படியே விடப்பட்டிருந்தது. அவசரத்தில் விட்டதல்ல. கடைசி மூன்று தையலையும் நெருக்கிப் போட்டு, நுனியைத் துணிக்கு அடியில் பதவிசாக ஒளித்து, வேண்டுமென்றே விட்டது. அந்தக் கைப்பழக்கம் அவளுக்குத் தெரியும். அவளுடைய கைப்பழக்கமும் அதுதான். தேவராஜ் அண்ணனின் சவப்பெட்டிக் கடைக்கு வெள்ளை உள்துணி தைத்துக் கொடுப்பவள் அவள். வேலையில் சேர்ந்த அன்று தேவராஜ் சொன்ன ஒரே விதி: “பெட்டித் துணிக்கு முடிச்சுப் போடாத தாயி. போறவங்களக் கட்டிப் போட்டா மாதிரி ஆயிரும்.”

படகுப் பாய்க்கு எதற்கு அந்தத் தையல்? இர்பானுக்குப் போன் செய்து, இதை முன்பு தைத்தது யார் என்று கேட்டாள். பழைய ஆட்களிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். லோயிஸ் அதற்குமேல் யோசிக்கவில்லை. பழைய நூலையெல்லாம் உருவிப் போட்டாள். புது நூலில் நான்கு வரிசை தைத்து, நான்குக்கும் இரட்டை முடிச்சுப் போட்டாள். முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

ஐந்தாவது வரிசையைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. நூலில் தேய்க்கும் மெழுகும் தீர்ந்தது. “ரெண்டு மெழுகுவத்தி வாங்கிட்டு வந்துர்றேன் மம்மி” என்று ஸ்வீட்டி போனாள். பத்து நிமிடத்தில் கதவு லேசாக முனகியது. பாயின் அடியில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெறும் பாதங்கள், சேறு படிந்து, சொட்டச் சொட்ட. வந்துவிட்டாள் என்று லோயிஸ் ஊசியை அனுப்பினாள். ஊசி ஈரமாகத் திரும்பி வந்தது.

இப்போது மணி நாலு இருக்கும். மழைக்காக எல்லாம் சாத்தியிருந்ததால் கூடத்தில் காற்றே இல்லை. ஆனாலும் பாயின் நெற்றியில் ஒட்டியிருந்த சிவப்பு உல்லன் இழை அசைந்துகொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்க அதை ஒட்டி வைப்பார்களாம். “கோள்சொல்லி” என்று பெயர் வைத்திருந்தாள் ஸ்வீட்டி. அந்த இழை லோயிஸை நோக்கி மெல்ல எழும்பியது. படிந்தது. எழும்பியது. படிந்தது. பாய்க்கு அந்தப் பக்கம் யாரோ வாயைத் துணியில் வைத்து மூச்சு விடுவதுபோல.

கூடவே ஏரியின் வாடை. ஏரிக்கரை டேங்க் பண்ட் சாலை வழியாகப் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே, அந்தப் பாசியும் அழுகலும் கலந்த வாடை. மகளின் உடுப்புகளில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். இவ்வளவு இருக்காது.

போன் அடித்தது. இர்பான்.

“மேடம், அந்தப் பாய் நக்கோ, வேணாம். தெக்காதீங்க, அப்படியே வைங்க.”

“ஏன் பாய், என்ன ஆச்சு?”

“நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்ததாம். ஒரு பொண்ணு, உங்க ஸ்வீட்டி வயசுதான். படகு கவுந்து இந்தப் பாய்க்கு அடியில மாட்டிக்கிச்சாம். வெளிய எடுத்து இதுலயே சுத்திப் படுக்க வெச்சாங்களாம். அப்புறம் அவங்கம்மா வந்து கிழிசலத் தெச்சுக் குடுத்தாங்களாம். தமிழ்க்காரங்கதான், லாலாகுடா பக்கம். வசந்தகுமாரின்னு பேரு.”

லோயிஸின் கையில் ஊசி நின்றது. தேவராஜ் கடையில் அவளுக்கு முன்னால் தைத்தவள் வசந்தகுமாரி. பெண் இறந்த பிறகு ஊசியைத் தொடவேமாட்டேன் என்று போனவள். அந்த இடத்துக்குத்தான் லோயிஸ் வந்தாள்.

“அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா, பாய்?”

“ஹவ், ஆமா, பழைய வாட்ச்மேன்கிட்ட சொன்னாங்களாம். இதுல முடிச்சு மட்டும் போடாதீங்க, எம்புள்ள போகட்டும்னு. எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு அவனுக்கும் தெரியல. மேடம்? ஹலோ?”

அவள் போனைத் தாழ்த்தினாள். பாயைப் பார்த்தாள். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்வீட்டியின் நிழல் இந்தத் துணியில் பெரிதாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. இப்போதும் அதே ஜன்னல், மங்கலான வெளிச்சம். துணி வெறுமையாக இருந்தது. கீழே பாதங்கள் மட்டும்.

“ஸ்வீட்டி,” என்றாள் மெதுவாக. “இன்னைக்குப் போதும்டி.”

கையிலிருந்த ஊசி நழுவியது. நழுவவில்லை. நூலோடு சேர்த்து இழுக்கப்பட்டுப் பாய்க்குள் போனது.

போன் மறுபடி அடித்தது. திரையில் ஸ்வீட்டியின் முகம்.

“மம்மி, செம மழை. மெட்ரோ ஸ்டேஷன் அடியில மாட்டிக்கிட்டேன். இப்ப கொஞ்சம் விட்டுருக்கு. தோ, சந்து முனைக்கு வந்துட்டேன். டூ மினிட்ஸ். மெழுகுவத்தி கெடச்சிருச்சு. மம்மி? கேக்குதா?”

“வராத.” குரல் எழும்பவில்லை. “வீட்டுக்கு வராத ஸ்வீட்டி.”

“என்ன? ஒண்ணுமே கேக்கல. வந்து பேசுறேன்.”

போன் அணைந்தது.

இரண்டு நிமிடம். வாசல் கதவு அந்தப் பக்கம். பாயைத் தூக்கிக் குனிந்து போனால் நாலே எட்டு. முன்னால் ஓடிக் கதவைத் தாழிட்டுவிடலாம். பெற்றவள் செய்யவேண்டியது அதுதான். லோயிஸ் விளிம்பு வரை கையைக் கொண்டுபோனாள். சேறு படிந்த பாதங்களின் விரல்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. நகங்கள் நீலம். அவளுடைய கை விளிம்பைத் தொடவில்லை. தன் கைதான், தன் பிள்ளைக்காகத்தான் என்று எவ்வளவு சொல்லியும் தொடவில்லை.

கத்திரிக்கோல் இந்தப் பக்கம் இருந்தது.

முதல் முடிச்சை வெட்டினாள். சிவப்பு இழை வேகமாக எழும்பியது. இரண்டாவது. கத்திரி வழுக்கி விரலைக் கிழித்தது. மூன்றாவது. மூச்சு இப்போது காதுக்கே கேட்டது, ஈரமாக, களகளவென்று. நான்காவது.

“போயிரு தாயி,” என்றாள். “தெரியாமப் போட்டுட்டேன். போயிரு.”

ஐந்தாவது வரிசை பாக்கி. அதன் முடிச்சு இன்னும் விழவில்லை. நூலின் ஒரு முனை அவள் பக்கம் தொங்கியது. ஊசியுள்ள முனை அந்தப் பக்கம். அவள் நூலைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

வாசல் கதவு முனகியது.

“மம்மி, இருட்டுல என்ன பண்ற?”

“உள்ள வராத! ஓடிரு!”

“ஏன், என்னாச்சு?” நீல நிறச் செருப்புகள் பாயின் அடியில் தெரிந்தன. ஸ்வீட்டியின் செருப்புகள். வெறும் பாதங்களுக்குப் பின்னால் ஓரடி தள்ளி வந்து நின்றன. “இங்க யாருமில்லியே. தரையெல்லாம் என்ன இவ்ளோ தண்ணி?”

வெறும் பாதங்கள் திரும்பின.

மெதுவாக. முதலில் ஒன்று. பிறகு மற்றது. இப்போது லோயிஸுக்குக் குதிகால்கள் தெரிந்தன.

“ஸ்வீட்டி!”

நூல் தளர்ந்தது. சிவப்பு இழை படிந்தது. படிந்தபடியே கிடந்தது. லோயிஸ் கண்ணை மூடித் திறந்தாள். பாயின் அடியில் ஒரு ஜோடிக் கால்கள்தான் இருந்தன. நீலச் செருப்புகள். துணியில் நிழல் விழுந்திருந்தது, காலையில் பார்த்த அதே உயரம், அதே குதிரைவால் சடை. அவளுக்கு அழுகை முட்டியது. பிள்ளை நிற்கிறாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

“கண்ணு?”

நிழல் கையை உயர்த்தியது. நூல் மறுபடி இறுகியது. துணிக்குப் பின்னால் சின்னதாக ஒரு சொடுக்கு. பல்லால் கடித்து இறுக்கும் சத்தம். பிறகு இன்னொன்று.

நீலச் செருப்புகளிலிருந்து தண்ணீர் வழிந்து அவளை நோக்கி வந்தது.

“முடிச்சுப் போட்டாச்சு, அம்மா.”