விரிவுக்காட்டி சோபா

"இம்புட்டுப் பெரிய வீட்டை வச்சுக்கிட்டு எங்களை லாட்ஜ்ல தங்கச் சொல்றியாத்தா?" என்றாள் வைரமணி.

தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். வைரமணி அவள் கணவன் இனியனின் பெரியம்மா. விருதுநகரிலிருந்து வந்து இப்போதுதான் பையை இறக்கியிருந்தாள். பின்னால் வேனில் எட்டுப் பேர் வருகிறார்களாம். பத்து நாள் தங்கல். நாளை மறுநாள் தமயந்திக்கும் இனியனுக்கும் முதல் கல்யாண நாள். இந்த ஒரு வருடத்தில் இருவரும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது நான்கே நான்கு முறை.

எல்லாம் அந்த விரிவுக்காட்டி சோபா வந்த வேளை. அதன் உறையில் ஓடும் கோடுகள் பார்ப்பவரின் கண்ணைத் தொடர்ந்து சாய்ந்து நெளியும். பத்தடி அறை முப்பதடிக் கூடமாகத் தெரியும். நாற்பதாவது மாடியில் மூச்சுமுட்டுகிறதே என்று இனியன் வாங்கியது. வந்து பார்த்தவர்கள் ஊரில் போய்ச் சொல்ல, பரீட்சை, வளைகாப்பு, கண் ஆபரேஷன் என்று உறவுக்காரர்கள் வருவது குறைந்தபாடில்லை. சுவரில் இடித்துக்கொண்டவர்கள்கூட, யாரோ தள்ளிவிட்டதாகக் கூட்டத்தைத்தான் திட்டினார்கள்.

"உண்மையைச் சொல்லுங்களேன்," என்று சமையல் மேடை ஓரம் இனியனிடம் கிசுகிசுத்தாள் தமயந்தி.

"பெரிய ஹால்னு நானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டி. மானம் போயிடும்."

"போகட்டும். அதோட ஆளுங்களும் போகட்டும்."

விடுவிடுவென்று போய் சோபாவின் இணைப்பைப் பிடுங்கினாள். கோடுகள் அடங்கின. நான்கு சுவர்களும் கிட்டே வந்து நின்றன. வைரமணியின் வாய் பிளந்தது.

"இதுதான் அத்தை எங்க வீடு. பத்துக்குப் பத்து. மத்ததெல்லாம் சோபா காட்டின வேலை."

வைரமணி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"டேய் இனியா, எங்க சம்பந்தி வீட்லயும் இதையேதான் செஞ்சாக. உறவு வந்தா வீட்டைச் சுருக்கிக் காட்ட ஒரு மெஷினு! உன் பெண்டாட்டி அதை எங்கிட்டயே போட்டுக் காட்டுறா."

"ஐயோ பெரியம்மா, இது நிஜம்!" என்று இனியன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து வெறும் சுவரில் அழுத்தினான்.

அவள் தட்டினாள், தடவினாள், விரல் முட்டியால் இடித்தும் பார்த்தாள்.

"அடேயப்பா! கையில தட்டுப்படுற மாதிரியே செஞ்சிருக்கானே!" என்றவள் போனை எடுத்தாள். "ஏலேய், வேன் எங்க வருது? பக்கத்து வீட்டு ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு வாங்க. இங்க இடம் கிடக்கு."