எழுத்தாளரின் மூக்குக்கண்ணாடி

"காவலாளி எடுத்திருக்க மாட்டார் சார். பாவம், அவரை லாக்கப்ல போட்டு அடிக்கிறாங்க" என்று நர்ஸ் ஒரு தகரப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். "கண்ணாடி இருந்த இடத்துல இதுதான் கிடந்துச்சு."

ஊரே மூக்கர் என்றழைக்கும் துப்பறிவாளர் எட்டிப் பார்த்தார். உள்ளே, நர்ஸின் அப்பா படம் போட்ட, சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்று.

அப்பா எழுத்தாளர். கைவிடப்பட்ட பழைய ரயில் நிலையத்தில் உட்கார்ந்தே கதைகளை எழுதியவர். அவர் நினைவாக மகள் அங்கே ஒரு ஜியோகேஷ் வைத்திருந்தாள். செல்போன் காட்டும் இடத்தில் ஒளித்துவைத்த பெட்டியைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டு அது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அது காணாமல் போனது. அப்பாவின் வாசகர் வட்டத் தலைவர், அந்த ரயில் நிலையத்துக் காவலாளிமேல் புகார் கொடுத்தார். பெட்டியை அன்றே நர்ஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இதே பேட்ஜ் என்கிட்டயும் இருக்கே மச்சான்" என்று மூக்கரின் மைத்துனன் சட்டையைக் காட்டினான். "காலையில நினைவுக் கூட்டத்துல கொடுத்தாங்க. தன் வீட்டுக்கு வந்த பேட்ஜ் பார்சலைத் தொடக்கூட இல்லைன்னு சொல்லி, தலைவர் மேடையில வச்சுத்தான் பிரிச்சார். அப்படி ஒரு அழுகை வேற."

மூக்கர் முகம் சுளித்தார். "இன்னிக்கு ஞாயிறு. இன்னிக்குப் பிரிச்ச பார்சல்ல இருந்த பேட்ஜ், வெள்ளிக்கிழமையே பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு மாப்ளே?"

"அப்போ தலைவர் வீட்டுலயே பிரிச்சிட்டாரா?" என்றான் மைத்துனன். "திருடுறவர் எதுக்கு அதை வச்சிட்டுப் போகணும்?"

"பழக்கதோஷம். எடுத்தா வைக்கணும்னு கை தானா பாக்கெட்டுக்குள்ள போயிருக்கு. காவலாளிக்கு இந்த விளையாட்டே தெரியாது. தலைவருக்கு?"

"எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றாள் நர்ஸ்.

தலைவர் வீட்டு அலமாரியில், அவர் வாங்கிய பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே கண்ணாடி இருந்தது. மனிதர் அசரவில்லை. "திருடலையே. பதிலுக்கு ஒன்னு வச்சேன்ல?"

"காவலாளியை ஏன் மாட்டிவிட்டீங்க?"

"யார் பேரையாவது சொல்லணும்ல. அவன் நாலு அடி தாங்குவான்."

நர்ஸ் அப்பாவின் கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டாள். இந்த வாயா காலையில் அப்பாவுக்காக அழுதது? சீ!

மூக்கர் தலைவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். காவலாளி வெளியே வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலைவரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"நீங்க வந்து சொன்னதாலதான் விட்டாங்களாய்யா? நல்லா இருப்பீங்க."

"சரி, சரி. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று தலைவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கையை எடுங்க" என்றாள் நர்ஸ். "அவரை விட வச்சது நீங்க இல்ல. உள்ள வச்சதுதான் நீங்க."