கடைசிப் பூச்சு

காலை 9.25.

கருஞ்சிறகனின் முகத்தைக் காணோம்.

மற்றதெல்லாம் இருந்தது. ஆளுயர அலுமினியத் தகட்டில் விரிந்த கறுப்பு இறக்கைகள் இருந்தன. மார்பில் கவசம் இருந்தது. வலது கையில் கழற்றிப் பிடித்த முகமூடி இருந்தது. காலடியில் மழையில் நனைந்த ஒரு நகரம்கூட, ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கெரிய, அப்படியே இருந்தது. கழுத்துக்கும் முடிக்கும் நடுவே மட்டும் வெறும் வெள்ளை. ஓரத்தில் ஒரு காது மிச்சம்.

வண்டியிலிருந்து விளக்கை எடுத்துவரப் போயிருந்த ஓவியர், திரும்பி வந்து இதைப் பார்த்ததும் விளக்கைக் கீழே போட்டார். பல்பு உடைந்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. "என் பையன்... என் பையன்..." என்று இரண்டு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

அது நிஜமாகவே அவருடைய பையனின் முகம். சூப்பர்ஹீரோ ரசிகர்கள் வருடத்துக்கு ஒருமுறை வேஷம் கட்டிக்கொண்டு கூடும் அரங்கு அது. அங்கே பன்னிரண்டாம் எண் கடை ஓவியருடையது. பேனா அளவுத் துப்பாக்கியில் காற்றையும் வண்ணத்தையும் கலந்து பனிபோலத் தூவி வரையும் ஏர்பிரஷ்தான் அவர் தொழில். எட்டு வருடம் அவர் மகன் கருஞ்சிறகன் வேஷத்தில் கடை வாசலில் நின்றான். ஆயிரம் பேராவது அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்திருப்பார்கள். முகமூடி போட்டிருந்ததால் ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன் பதினேழாம் நாள் போய்ச் சேர்ந்தான். இருபத்திரண்டு வயது. என்ன சொல்ல!

இந்த வருடம் அப்பா முகமூடியைக் கழற்றி வரைந்தார். என் பிள்ளை இப்படித்தான் இருந்தான் என்று ஒருநாளாவது ஊருக்குக் காட்ட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

9.31. வாள் மேடத்தைக் கூப்பிட்டார்கள்.

முப்பது வருடம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அரங்கின் வாசலில் ரசிகர்கள் கொண்டுவரும் வாளையும் கோடரியையும் சோதிக்கிற வேலை. எது அட்டை, எது ரப்பர், எது இரும்பு என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். அன்று காலை அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அரங்கில் இருப்பது ஒரே ஒரு டீ மெஷின், அது காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. அவர் கிளம்பும்போதுதான் ரிப்பேர்காரர் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பத்து மணிக்குக் கதவைத் திறக்கணும் மேடம்," என்றார் அமைப்பாளர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "போலீஸ் கீலீஸ்னு போகாம முடிச்சுக் குடுங்க. செஞ்சவனை இனிமே இந்த அரங்கு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

"ஆள் யாருன்னு தெரியட்டும். அப்புறம் மிதிக்கிறதைப் பத்திப் பேசலாம்."

"எனக்குத் தெரியும் யாருன்னு," என்றார் ஓவியர். விரல் எதிர்க்கடையை நோக்கி நீண்டது.

எதிர்க்கடைக்காரரை எல்லோரும் ஸ்டென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். எதை வரைந்தாலும் முதலில் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்வார். ஓவியரை விடப் பத்து வயது சின்னவர். பதினோரு வருடமாக எதிரெதிர்க் கடை. மகன் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் போன மாதத்திலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"என்னய்யா சண்டை?" என்று கேட்டார் வாள் மேடம்.

"முகமூடியைக் கழட்டாதீங்கண்ணேன்னு சொன்னேன்," என்றார் ஸ்டென்சில். முகம் வெளுத்திருந்தது. "முப்பது வருஷக் காமிக்ஸ் கதையில அந்த முகத்தை யாரும் பார்த்ததில்ல. ரசிகருங்க கல்லை விட்டு எறிவாங்க. பையன் முகத்தை வெச்சுக்கிட்டு நாலு பேர் கேலி பண்ணினா இவரால தாங்க முடியாதுன்னு சொன்னேன். அது தப்பா?"

"அவர் வண்டிக்குப் போன ஒன்பது அஞ்சுலேருந்து ஒன்பது இருபத்தஞ்சு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"இங்கதான். பின்பக்கம் ஏர்பிரஷ் ஊசி கழுவிக்கிட்டிருந்தேன். முதுகைத் திருப்பிக்கிட்டு."

"அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையா?"

"அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல மேடம்."

அவர் மேஜையில் வண்ணத்தைக் கரைக்கும் தின்னர் பாட்டில் மூடி திறந்து, பாதி காலியாக இருந்தது. ஓவியர் அதைத்தான் காட்டினார். "பாருங்க! இதை ஊத்தித்தான் அழிச்சிருக்கான். நான் மூணு தடவை வார்னிஷ் அடிச்சிருக்கேன் மேடம். தண்ணியில முக்கினாலும் போகாது. தின்னர் இல்லாம அதை யாராலயும் தொட முடியாது."

வாள் மேடம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். ரசிகர் மன்றத் தலைவர்தான் நேற்று இந்தப் படத்தின் முன் நின்று சாமியாடினார் என்று அமைப்பாளர் காதைக் கடித்தார்.

"அந்தாளை விடுங்க. ஒன்பது மணியிலேருந்து அவரோட இறக்கை வாசல்ல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. நான்தான் நெளிச்சு உள்ள தள்ளினேன். இப்பதான் விடுதலை," என்றார் வாள் மேடம்.

பிறகு அவர் ஓவியத்தின் முன்னால் போய் நின்றார். முதலில் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். அடுத்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படுகிற தூரத்தில் நின்று வெள்ளைப் பகுதியைப் பார்த்தார். அடிப்பூச்சின் மேல் துடைத்த தடங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. நெற்றி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடம். மூக்கிலிருந்து கீழ்நோக்கி ஒன்று. வாயைச் சுற்றி ஒரு வட்டம். கடைசியாக மோவாயிலிருந்து மேல்நோக்கி ஒன்று.

அப்புறம் வலது கட்டைவிரல் நகத்தை முகத்தின் விளிம்போரமாக, காதோரத்திலிருந்து மோவாய்வரை, மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

"உங்க மேஜையில என்னென்ன இருக்கு, சொல்லுங்க," என்று ஓவியரைக் கேட்டார்.

"விலைப் பலகை. பேனா. விருந்தாளிங்க கையெழுத்துப் போடற நோட்டு. பிரிச்ச ஈர டிஷ்யூ பாக்கெட், அது என் வீட்டுக்காரியோடது. சாப்பாட்டு டப்பா. எதுவும் திருடு போகலை."

9.42. ஓவியரின் மனைவி கடையின் பின்பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ டீ கொடுத்திருந்தார்கள். இடது கையால் பிடித்திருந்தார். கப் ஆடியது. வலது கை மடியில், மூடியபடி. காலையில் நோட்டின் முதல் பக்கத்தில் மகன் பெயரை அவர் வலது கையால்தான் அழகாக எழுதியிருந்தார். மை இன்னும் புதிதாக இருந்தது.

"அவர் வண்டிக்குப் போனப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?"

"டீ... டீ வாங்கப் போயிருந்தேன். வரிசையில நின்னு குடிச்சிட்டு வந்தேன்."

"டீ எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

வாள் மேடம் பெருமூச்சு விட்டார். முப்பது வருடத்தில் எத்தனையோ பொய் கேட்டவர். இப்படித் துணையில்லாமல் நிற்கும் பொய்யைக் கேட்கிறபோது அவருக்கே கஷ்டமாக இருந்தது. வெளியே வந்து குப்பைத் தொட்டிகளை எல்லாம் கவிழ்க்கச் சொன்னார். பன்னிரண்டாம் கடையிலிருந்து கழிவறை வரைக்கும் ஏழு தொட்டிகள். வண்ணம் பட்ட துணியோ தாளோ எதிலும் இல்லை.

பிறகு ஸ்டென்சிலிடம், "வார்னிஷ் அடிச்ச பழைய துண்டு ஏதாவது இருந்தா குடுங்க," என்றார். அவர் கொடுத்த தகட்டுத் துண்டில் தின்னரை ஒரு சொட்டு விட்டுத் துடைத்தார். பளபளப்பு போய், அந்த இடம் பால் சிந்தியதுபோல வெளுத்துப் பிசுபிசுத்தது.

9.50. கடையின் திரையை இழுத்துவிட்டார். உள்ளே ஐந்து பேர்தான்: ஓவியர், மனைவி, ஸ்டென்சில், அமைப்பாளர், அவர்.

"சுருக்கமா சொல்றேன். தின்னர் இல்ல. தின்னரா இருந்தா கழுத்து, முடி, இறக்கைன்னு கைபட்ட இடமெல்லாம் இந்தத் துண்டு மாதிரி வெளுத்திருக்கும். அங்கெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. வாசனையும் இல்ல. அதனால அந்த மனுஷனைப் பார்த்து விரலை நீட்டாதீங்க."

ஸ்டென்சில் தலையைக் குனிந்துகொண்டார்.

"துடைச்சது யாருன்னு சொல்றதுக்கு முன்னாடி, துடைச்சா போற மாதிரி வெச்சது யாருன்னு சொல்லணும்." அவர் ஓவியரைப் பார்த்தார். "முகத்தைச் சுத்தி ஒரு மேடு இருக்கு. முடி கனம்கூட இல்ல, நகத்துக்குத்தான் தெரியும். வார்னிஷ் அங்க வந்து நிக்குது. முகத்துக்கு மேல மெல்லிசான பிளாஸ்டிக் ஃபிலிம் வெட்டி ஒட்டிட்டு, மத்த எல்லாத்துக்கும் வார்னிஷ் அடிச்சு, அப்புறம் ஃபிலிமை உரிச்சிருக்கீங்க. மூணு தடவை அடிச்சது உண்மை. முகத்துக்கு ஒரு தடவைகூட அடிக்கல. அங்க வெறும் தண்ணிக் கலர், ஈரம் பட்டாலே போயிடும். ஏன்?"



"என்னங்க?" என்றார் மனைவி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அடிச்சாச்சுன்னு சொன்னீங்களே. வண்டியில ஏத்தும்போதுகூட, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே."

"வார்னிஷ் அடிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார் ஓவியர். "அதுக்கு மேல கை வைக்க முடியாது. தினமும் காலையில எழுந்ததும் அவன்கிட்ட போவேன். கண்ணுக்குக் கீழ கொஞ்சம் நிழல், கன்னத்துல கொஞ்சம் சிவப்பு. ஒரு நாள் சிரிக்கிற மாதிரி இருப்பான், மறுநாள் சரிபண்ணுவேன். முடிச்சிட்டா அப்புறம் அவனுக்குச் செய்ய எனக்கு என்ன வேலை இருக்கு? சொல்லு, என்ன வேலை இருக்கு?"

அமைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார்.

"இப்ப துடைச்சவங்க," என்றார் வாள் மேடம். குரலை அவரையறியாமல் தாழ்த்தியிருந்தார். "அழிக்கணும்னு வர்றவன் குறுக்க நெடுக்கத் தேய்ப்பான். இது அப்படி இல்ல. நெத்தியை ரெண்டு பக்கமும், மூக்கை மேலேருந்து கீழ, வாயைச் சுத்தி, கடைசியா மோவாயை ஏந்திப் பிடிச்சு. படுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு முகம் துடைக்கிற கை இது. இன்னொண்ணு, துடைச்ச தாளை ஏழு தொட்டியில தேடியாச்சு. இல்ல. குற்றம் பண்றவன் முதல்ல அதைத்தான் தூக்கிப் போடுவான். அதைத் தூக்கிப்போட மனசு வராத ஆள் இங்க ஒருத்தர்தான்." மண்டியிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "டீ மெஷின் ஒன்பதரைக்கு மேலதாம்மா ஓட ஆரம்பிச்சுது. கையைத் திறங்க. எவ்வளவு நேரம் இப்படியே பிடிச்சுக்கிட்டிருப்பீங்க?"

வலது கை திறந்தது. கசங்கிய ஈர டிஷ்யூ ஒன்று. மாநிறம், சிவப்பு, புருவக் கறுப்பு, எல்லாம் அதில் இருந்தது.

"தரையில கம்பளம் விரிச்சாங்க. ஒரே தூசி," என்றார் அந்த அம்மா, கணவரை மட்டும் பார்த்துக்கொண்டு. "அவன் முகத்துல படிஞ்சிருந்துச்சு. நாலு பேர் பார்க்கப் போறாங்களேன்னு... ஆஸ்பத்திரியில பதினேழு நாளும் நான்தானே துடைச்சுவிட்டேன். பார்த்தா அழுதுடுவேன்னு கண்ணை மூடிக்கிட்டுத்தான் துடைப்பேன். இன்னிக்கும் அப்படித்தான் துடைச்சேங்க. கண்ணைத் திறந்தா அவன் இல்ல. ரெண்டாவது தடவையும் நான் கண்ணைத் திறந்தா அவன் இல்ல."

ஓவியர் தரையில் உட்கார்ந்து மனைவியின் முழங்காலில் முகத்தைப் புதைத்தார். இந்தத் தடவை சத்தம் போட்டே அழுதார். அந்த அம்மா இடது கையால் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். வலது கை திறந்தபடியே இருந்தது.

"உன்னைப் போய் சொன்னேனேடா," என்றார் ஓவியர், ஸ்டென்சிலைப் பார்க்காமலே.

"அதை விடுங்கண்ணே. எந்திரிங்க. அண்ணி, அதை விரிச்சுக் குடுங்க. கசக்காதீங்க."

10.05. சரக்கு இறக்கும் வாசலுக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரங்குக்குள் வார்னிஷ் அடிக்க அனுமதி இல்லை. ஸ்டென்சில் தன்னுடைய காற்றடிக்கும் கம்ப்ரஸரைச் சுமந்துவந்தார். கதவை இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று அமைப்பாளரே சொல்லிவிட்டார்.

டிஷ்யூவை அந்த அம்மாதான் வெள்ளைப் பகுதியில் வைத்து, நான்கு மூலையும் நீவி, சமமாக ஒட்டினார். அதில் முகம் இல்லை. மூக்கு எது, கன்னம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம் மட்டும்தான் இருந்தது. ஓவியர் சுவாச மூடியை மாட்டிக்கொண்டு, ஏர்பிரஷை எடுத்தார். விசையை அழுத்தாமல் அப்படியே நின்றார்.

"அடிங்க," என்றார் மனைவி.

அடித்தார். நிமிடங்களில் காய்கிற வார்னிஷ் அது. ஒரு பூச்சு. காயும்வரை நின்றார்கள். இரண்டு. மூன்று. டிஷ்யூ தகட்டோடு தகடாக ஒட்டி மின்னத் தொடங்கியது. அந்த அம்மா ஒரு விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார்.

"இனிமே துடைச்சா?"

"போகாது."

"நிஜமாத்தானே சொல்றீங்க?"

"நிஜமாத்தான். முடிஞ்சிடுச்சு."

10.20. கதவு திறந்தது. வாள் மேடம் தன் மேஜைக்குத் திரும்பியிருந்தார். பக்கத்தில் ஆறிப்போன டீ. வரிசையில் முதல் ஆள் கருஞ்சிறகன் வேஷத்தில் வந்த ஓர் இளைஞன். ரப்பர் வாளை நீட்டினான். அவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் உள்ளே போக நகர்ந்தான்.

"தம்பி, நில்லு. அந்த முகமூடியைக் கொஞ்சம் கழட்டு."

"ஏன் மேடம், அது ரூல்ல இல்லையே?"

"ரூல் இல்லப்பா. சும்மா முகத்தைப் பார்த்து வெச்சுக்கறேன்."