பிடித்தால் விடாத நாற்காலி

ஆஸிஃபா வீட்டில் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு சோபாவின் மேல் ஏறி இறங்க வேண்டும். பிறகு வாஷிங் மெஷினைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பீரோக்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்தால் சமையலறை வரும். தம்பி ஃபாரிஸ் கட்டில்களுக்கு அடியில் தவழ்ந்தே போய்விடுவான். அதற்குக் குறுக்கு வழி என்று பெயரும் வைத்திருந்தான்.

எல்லாம் அத்தா நூர் முஹம்மதுவின் வேலை. மரக்காணம் கடைத்தெருவில் அவருக்கு ஒரு செல்போன் கடை இருந்தது. அதில் வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்ததால், கூடவே இன்னொரு வியாபாரமும் பார்த்து வந்தார். ஆன்லைனில் பெரிய பெரிய சாமான்களை வாங்குகிறவர்கள் சில நேரம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் அல்லவா? சோபாவின் நிறம் சுவருக்குப் பொருந்தாது. பீரோ வாசலில் நுழையாது. அப்படித் திரும்பி வந்தவை எல்லாம் சென்னையில் ஒரு கிடங்கில் குவிந்து கிடக்கும். அத்தா அங்கே போய் மலிவாக எடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து, துடைத்து மினுக்கி, ஊரில் விற்றுவிடுவார்.

வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மசாஜ் நாற்காலி வந்து சேரும் வரை.

கன்னங்கரேலென்று, எருமை ஒன்று கால் மடக்கிப் படுத்தது போல அது கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதில் சாய்ந்து பொத்தானை அழுத்தினால் போதும். கைகளையும் கால்களையும் மெத்தென்று பிடித்துக்கொண்டு, முதுகு, தோள், பாதம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடும்.

"இவ்வளவு நல்ல நாற்காலிய ஏன் அத்தா திருப்பி அனுப்பினாங்க?" என்று கேட்டாள் ஆஸிஃபா.

"அவங்க வீட்டுல இடமில்லாம இருக்கும்மா."

"நம்ம வீட்டுல மட்டும் மைதானமா இருக்குது?" என்று சமையலறையிலிருந்து அம்மா ஷம்சாத்தின் குரல் வந்தது.

முதல் ஆளாக உப்பு வியாபாரி தட்சணாமூர்த்தி பார்க்க வந்தார். உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார். "சுகமா இருக்குது பாய்," என்று கண்ணை மூடினார். அதே நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. நிறுத்தும் பொத்தானை விரலால் அழுத்தினார். நாற்காலி காதில் வாங்கவே இல்லை. அத்தா பதறிப்போய் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். நாற்காலி நின்றது. பிடியை மட்டும் விடவில்லை. மறுபடி ஸ்விட்சைப் போட்டதும், ஒன்றும் நடக்காதது போல முதலிலிருந்து தொடங்கியது.

ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகுதான் அது அவரை விட்டது. அதற்குள் வழி கேட்கப் போன் அடித்து அடித்து அலுத்துப்போன அவருடைய லாரி டிரைவர், உப்பு மூட்டைகளோடு திண்டிவனத்துக்குப் போக வேண்டியவர் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

"இது நாற்காலி இல்ல பாய், போலீஸ் ஸ்டேஷன். வேற ஆளப் பாருங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் தட்சணாமூர்த்தி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளிலிருந்து வாங்க ஒருவரும் வரவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் ஃபாரிஸின் வகுப்பே வந்தது.

சிரிப்பாகத்தான் இருந்தது, அன்று இரவு அத்தா அம்மாவிடம் பேசியதைக் கேட்கும் வரை.

"கையில இருந்த முதல் பூரா இதுலதான் மாட்டியிருக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள விக்கலன்னா இந்த யாவாரத்த விட்டுட வேண்டியதுதான். சவுதிக்கு ஆள் அனுப்பற ஏஜெண்ட் அன்னைக்கு சாயங்காலம் போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு. சரின்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."



போன வருஷம் வரை சவுதியில் இருந்த அத்தா, ஆஸிஃபாவுக்குப் போனில் தெரியும் முகம்தான். இப்போதுதான் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார், மீன் வாங்கப் போகும்போது வண்டியில் பின்னால் ஏற்றிக்கொள்கிறார். மறுபடியும் அவர் போனுக்குள் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் மதியம், உப்புக்காற்றில் படிந்த பிசுபிசுப்பைத் துடைக்க அம்மா அந்த நாற்காலிக்குப் போனாள். எட்டாத மூலையைத் துடைக்க ஓரமாக உட்கார்ந்தாள், சாய்ந்தாள். முழங்கை பொத்தானில் பட்டுவிட்டது.

"என்னங்க, இது என்னப் புடிச்சுக்கிச்சுங்க."

அடுப்பில் குக்கர் கத்தியது. வாசலில் சிலிண்டர்க்காரர் கத்தினார். பள்ளியிலிருந்து மதிய இடைவேளைக்கு வந்த ஃபாரிஸ் பசி என்று கத்தினான். சாப்பாட்டுக்கு வந்திருந்த அத்தா மூன்று பக்கமும் ஓடினார். நடுவில் சோபாவில் ஏறி இறங்க வேறு வேண்டியிருந்தது.

"டீத்தூள் எங்க இருக்குது ஷம்சாத்?"

"முன்னாடி இருக்கற டப்பாவுல."

"எல்லா டப்பாவும் முன்னாடிதான் இருக்குது."

எப்படியோ டீ வந்தது. அம்மாவின் கைதான் சிறையில் இருக்கிறதே. ஃபாரிஸ் ஓடிப்போய் இளநீர்க் கடையில் ஒரு உறிஞ்சுகுழல் வாங்கி வந்தான். அம்மா சாய்ந்தபடியே டீயை உறிஞ்சிக் குடித்தாள். குடித்துவிட்டு, "சக்கரை கம்மி," என்றாள்.

நாற்காலி விட்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை இது வெளிய போயாகணும்," என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அடுத்த நாள் ஆஸிஃபா பள்ளிவிட்டு வந்தபோது, அம்மா கண்ணை மூடி அதே நாற்காலியில் கிடந்தாள்.

"தொடைக்கலாம்னு வந்தேன். மறுபடி புடிச்சுக்கிச்சு," என்றாள் அம்மா.

துடைக்கும் துணி வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஆஸிஃபா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. உட்காரும்போதெல்லாம் யாராவது கூப்பிடுவார்கள். அந்த யாராவது பெரும்பாலும் தானும் ஃபாரிஸும்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் தெருவில் சூர்யகலா அக்கா போனாள். விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனால், பாத்தியில் நின்று உப்பு வாரி, கூடை கூடையாகச் சுமந்து கொட்டிவிட்டு இந்த நேரத்துக்குத்தான் திரும்புவாள். உப்புத்தண்ணீரில் ஊறிய பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

"அக்கா, கொஞ்ச நேரம் இதுல உக்காந்துட்டுப் போறீங்களா?" என்று கூப்பிட்டாள் ஆஸிஃபா.

"எங்கம்மா உக்கார்றது? உக்காந்தா எங்க வூட்டுக்காரரு வந்து எழுப்பிடுவாரு."

"இதுல உக்காந்தா யாராலயும் எழுப்ப முடியாதுக்கா. புடிச்சா விடாது. அதுதான் இதுல ரிப்பேரு."

சூர்யகலா நாற்காலியையும், அதிலிருந்து அப்போதுதான் விடுபட்ட அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமாவா?" என்றாள். காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பாதி சுற்றில் அவள் கணவர் இருசப்பன் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா இங்க உக்காந்துக்கினு இருக்கற? சோறு ஆக்கலியா?"

"மாட்டிக்கினேங்க. நான் இன்னா பண்றது? அரிசி பானையில இருக்குது. களைஞ்சு உலையில போடுங்க."

இருசப்பன் அவள் கையை இழுத்துப் பார்த்தார். நாற்காலி விடவில்லை. ஸ்விட்சில் கை வைக்கப் போனார்.

"அதைத் தொட்டா முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்ணா," என்றாள் ஆஸிஃபா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "எத்தினி டம்ளர் அரிசி?" என்று கேட்டார்.

மறுநாள் சூர்யகலாவோடு இன்னும் சில பெண்கள் வந்தார்கள். சனிக்கிழமை சோபா, கட்டில் எல்லாவற்றிலும் பெண்கள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். அத்தா கடையில் இருந்ததால் அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் வேறு கணக்கில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், மெக்கானிக் சவரிமுத்துவை அழைத்துக்கொண்டு வந்தார். சவரிமுத்து நாற்காலியைச் சுற்றி வந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரே ஒரு வயருதான் பாய். அத மாத்திட்டா சொன்ன பேச்சு கேக்கும்."

"மாத்திடுங்க. கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாவது இன்னைக்குள்ள தள்ளிடணும்."

"வேணாம் அத்தா. ரிப்பேர் பண்ணா யாரும் வாங்க மாட்டாங்க," என்றாள் ஆஸிஃபா.

"ரிப்பேரா இருக்கறதாலதாம்மா யாரும் வாங்கல."

"நீங்க உக்கார நேரம் இருக்கறவங்ககிட்டதான் கேட்டீங்க அத்தா. இல்லாதவங்ககிட்ட கேக்கவே இல்ல."

அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சவரிமுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார். உப்பளத்துப் பெண்கள் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது. ஆஸிஃபா ஒரே தாவில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். நாற்காலி அவளைப் பிடித்துக்கொண்டது.

"எழுந்திரும்மா," என்றார் அத்தா.

"முடியாது அத்தா."

அது உண்மைதான் என்பதால் அவரால் திட்டவும் முடியவில்லை. சுற்று முடிந்து நாற்காலி விட்டது. சவரிமுத்து குனிந்தார். ஆஸிஃபா மறுபடி அழுத்தினாள். சவரிமுத்து நிமிர்ந்து ஒரு டீ கேட்டார். மூன்றாவது சுற்றில் அவளுக்கு உடம்பெல்லாம் துவண்டு தூக்கம் வந்தது. கண்ணை இறுக்கித் திறந்து வைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சூர்யகலாவும் மகளிர் குழுப் பெண்களும் தலையில் சும்மாட்டுத் துணியோடு அப்படியே வந்திருந்தார்கள்.

"பாய், நாங்க குழுவுல பேசிட்டோம். எங்க கட்டடத்துல இந்த நாற்காலிய வாங்கிப் போடறோம். நீங்க சொல்ற விலைதான்," என்றாள் சூர்யகலா. அப்போதுதான் ஸ்க்ரூடிரைவர் அவள் கண்ணில் பட்டது. "இவரு இன்னா பண்றாரு?"

"ரிப்பேரு," என்றார் சவரிமுத்து.

"கைய எடுங்க முதல்ல. விடற நாற்காலி எங்களுக்கு எதுக்கு? அது எங்க வூட்டுலயே பிளாஸ்டிக்குல நாலு இருக்குது."

சவரிமுத்து ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார். "இத்தனை வருஷத்துல ரிப்பேர் பண்ணாதீங்கன்னு யாரும் என்கிட்ட சண்டைக்கு வந்ததில்ல," என்று சொல்லிக்கொண்டே டீயை முடித்தார்.

அத்தா ஆஸிஃபாவைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார், அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசலில் குட்டியானை வந்து நின்றது. அதைப் பார்த்ததும் அத்தாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. "இத்தனை நாள் வச்சிருந்தேன். ஒரு தடவை கூட நான் உக்காரல," என்று சொல்லிச் சாய்ந்து பொத்தானை அழுத்தினார். ஏற்றிப் போக வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. ஏஜெண்ட்.

ஆஸிஃபா போனை எடுத்து அத்தாவின் காதில் வைத்துப் பிடித்தாள்.

"என்ன நூர் பாய், டிக்கெட் போட்டுடலாமா?"

"வே-வே-வேணாம் பாய்," என்றார் அத்தா. முதுகில் நாற்காலி தட்டிக்கொண்டிருந்ததால் குரல் குலுங்கியது. "நான் வரல. இங்கயே தொழில் நல்லா இருக்குது."

"அழறீங்களா பாய்?"

"இல்லீங்க. சு-சு-சுகமா இருக்கேன்."

ஆஸிஃபா போனை வைத்துவிட்டு அத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். திருப்பிக் கட்டிக்கொள்ள அவருக்குக் கை இல்லை. அந்தச் சுற்று முடியும் வரை அவள் விடவும் இல்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போலச் சொன்னாள்:

"அடுத்த தடவை சென்னைக்குப் போறப்ப, நம்ம வீட்டுக்கு ஒரு மசாஜ் நாற்காலி பாத்து எடுத்துட்டு வாங்க. நல்லா வேலை செய்யறத எடுத்துட்டு வந்துடப் போறீங்க."