லுவா அளந்த இறால்

லுவாவுக்குக் குயெனைக் கண்டாலே வயிறு எரியும். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அந்தக் கால்வாய்க்கரையில் இருந்த ஒன்பது வீடுகளுக்கும் தெரிந்த சேதிதான் அது.

குயெனுக்கு முடி இடுப்பு வரை. கணக்கில் எப்போதும் அவள்தான் முதல். அதையெல்லாம்கூட லுவா பொறுத்துக்கொள்வாள். பொறுக்கவே முடியாதது குயென் வீட்டுக் குட்டையில் வளரும் இறால்தான். இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில்தான் குஞ்சு விட்டார்கள். இரண்டு குட்டைக்கும் ஒரே கால்வாய்த் தண்ணீர். ஆனாலும் குயென் வீட்டு இறால் கட்டைவிரல் பருமன், லுவா வீட்டு இறால் சுண்டுவிரல் பருமன்.

"எங்க இறால் நல்லா சாப்பிடுதுப்பா" என்பாள் குயென், பள்ளிக்கூடப் படகில் எல்லோர் காதிலும் விழும்படி. ஏதோ லுவா வீட்டு இறால் பட்டினி கிடப்பது போல. தினமும் விடிந்ததும் தீவனத் தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி, இறால் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பதே லுவாதான். அவளிடமா இந்தப் பேச்சு?

அன்று ஞாயிற்றுக்கிழமை. குயெனுடைய தாத்தாவின் திதி. லுவாவின் அப்பா காலையிலேயே பந்தல் போட அங்கே போய்விட்டார். அந்தக் கரையில் திதி என்றால் ஒன்பது வீட்டுக்கும் சாப்பாடு. அதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு இறாலும் போகும்.

லுவா வீட்டுப் பங்கைக் குயெனே கொண்டுவந்தாள், ஒரு பேசின் நிறைய. புதுச் சட்டை வேறு.

"அத்தை, அப்பா குடுக்கச் சொன்னாங்க" என்று அம்மாவிடம் நீட்டிவிட்டு லுவா பக்கம் திரும்பினாள். "வலையே வீசலடி. அதுங்களா கரையோரம் வந்து நின்னுச்சு. கையாலயே அள்ளினோம். தாத்தா திதின்னு அதுங்களுக்கும் தெரியுது போல."

அதோடு நிறுத்தினாளா? இல்லை. போன வாரம் போட்டதையெல்லாம் தின்று தீர்த்த இறால், இப்போது இரண்டு நாளாய்த் தட்டில் மிச்சம் வைக்கிறதாம். அவ்வளவு கொழுப்பாம். தண்ணீர் கொஞ்சம் பழசாகிவிட்டதாம். விருந்து முடிந்ததும், மாலையில் கடல் ஓதம் இறங்கிக் கால்வாய்த் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, அப்பா மதகைத் திறந்து தண்ணீர் மாற்றப் போகிறாராம். எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுத்தான் போனாள்.

"பாரேன், எவ்வளவு பெருசு" என்றாள் அம்மா. எரிகிற வயிற்றுக்கு அது போதாதா?

அம்மா உடை மாற்ற உள்ளே போனதும் லுவா பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தாள். ஓர் இறாலை நிமிர்த்தி வைத்து அளந்தாள். பதினாறு சென்டிமீட்டர். அவள் வீட்டு இறாலை நேற்றுத்தான் அளந்திருந்தாள், பதினான்கு. இன்னொன்றை எடுத்தாள். அது பதினாறரை.

"எல்லாம் வெறும் தலைதான். உள்ளே சதை இருக்காது" என்று முணுமுணுத்துக்கொண்டே தலை ஓட்டைப் பிய்த்தாள். அது கை பட்டதும் தொளதொளவென்று கழன்று வந்தது. உள்ளே சதை நன்றாகவே இருந்தது. ஆத்திரம் தாங்காமல், ஓட்டிலாவது ஏதாவது குற்றம் கிடைக்காதா என்று அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

கிடைத்தது. ஓட்டில் குருணை அரிசியை இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. அடுத்ததை உரித்தாள், அதிலும் இருந்தன. ஆறு இறால் உரித்ததில் நான்கில் புள்ளி.

வெண்புள்ளி நோய்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, லுவாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொழுப்பாமே, நல்லா வேணும் என்று நினைத்தாள்.

அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் இதே புள்ளிதான் அவர்கள் குட்டைக்கும் வந்தது. ஒரே வாரத்தில் அத்தனை இறாலும் செத்து மிதந்தன. அதன்பிறகுதான் அப்பா கட்டட வேலைக்கு நகரத்துக்குப் போனார். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, தம்பி அவரை யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுதான். இந்தத் தடவையும் நோய் வந்தால் அப்பா மறுபடி போகத்தான் வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தால் பேசினைக் காணோம். அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறாலை அலசக் குட்டைப் பலகைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லுவா ஓடிப்போய்ப் பேசினைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, குட்டையில அலசாதே. இதைப் பாரு."

ஓட்டைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. திரும்பி வந்து, எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டாள். மனிதருக்கு அந்த நோய் ஒன்றும் செய்யாது. அந்த இறாலை அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு குட்டையில் விழுந்தால்தான் ஆபத்து. இருவரும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்கள்.

விருந்து முடியட்டும், அப்பாவை விட்டுப் பக்குவமாகச் சொல்லலாம் என்றாள் அம்மா. விருந்து முடிந்தால் மதகைத் திறந்துவிடுவார்கள், அந்தத் தண்ணீர் கால்வாய் வழியாக மற்ற எட்டு வீட்டுக் குட்டைக்கும் வரும் என்றாள் லுவா.

"அதுக்காக, அவங்க அப்பா திதியில போய், சாப்பிட உக்காந்தவங்க முன்னாடி சொல்றதா? அதுவும் நீ? அவங்க வீட்டைப் பத்தி என்னைக்காவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லியிருக்கியாடி?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் லுவா நான்கு ஓட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பந்தலில் ஒரே இரைச்சல். லுவாவின் அப்பா எங்கோ சோற்று அண்டாவோடு மாட்டிக்கொண்டிருந்தார். குயெனின் அப்பா பெயர் தாம்; லுவாவுக்குத் தாம் மாமா. அவர் முகம் சிவக்கச் சிரித்தபடி எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். லுவா அவரருகே போய் வாயைத் திறப்பதற்குள் யாரோ கிண்டலாகக் கேட்டார்கள், யார் வீட்டு இறால் பெரிசு என்று. பந்தலே சிரித்தது. லுவாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. இங்கே சொன்னால் எவரும் நம்பப்போவதில்லை என்று புரிந்தது.

பின்கட்டில் குயென் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். லுவா பையைப் பிரித்துக் காட்டினாள்.

குயென் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்குப் பொறாமைடி."

"ஆமா, பொறாமைதான்" என்றாள் லுவா. "பொறாமை இல்லாட்டி நான் எதுக்கு ஸ்கேல் வச்சு அளக்கப்போறேன்? எதுக்கு ஓட்டைப் பிச்சு வெளிச்சத்துல பார்க்கப்போறேன்? நம்பாட்டி நீயே சுரண்டிப் பாரு."

குயென் சுரண்டினாள். அழுத்திச் சுரண்டினாள். பிறகு அடுக்களையில் குவித்திருந்த ஓடுகளிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"அப்போ, தட்டுல தீனி மிச்சம் இருந்தது..."

"கொழுப்பு இல்லடி."

"கரைக்கு வந்து நின்னது?"

"நோய் முத்தினா அப்படித்தான் வரும்டி" என்றாள் லுவா. குயெனை அழவைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நான் சொன்னா சிரிப்பாங்க. நீ போய் அப்பா காதுல சொல்லு. மதகை மட்டும் திறக்க வேணாம்னு சொல்லு."

தாம் மாமா தனியாகக் குட்டைக்குப் போனார். தட்டைத் தூக்கிப் பார்த்தார், கரையில் ஒதுங்கிய இறாலைப் பார்த்தார். மதகுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் தானே சொன்னார்; பங்கு இறாலை யாரும் குட்டையில் அலச வேண்டாம் என்றும் சொன்னார். அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்பது வீட்டு மதகுகளும் அன்று மூடப்பட்டன.

மறுநாள் தாம் மாமா உயிரோடிருந்த இறாலையெல்லாம் வலைபோட்டுப் பிடித்து விற்றார். பாதிதான் தேறியது. குட்டைத் தண்ணீரை வெளியே விடாமல் குளோரின் பொடி கொட்டினார். மற்றவர்கள், நோயைச் சுமந்துகொண்டு நண்டு ஏறி வராமல் கரையைச் சுற்றி வலை கட்டினார்கள். லுவா காலையிலும் மாலையிலும் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். தீனி மிச்சமே இல்லை. இரண்டு வாரமாகியும் மற்ற எந்தக் குட்டையிலும் ஓர் இறால்கூடச் சாகவில்லை.

அப்போதுதான் தாம் மாமா குயெனோடு லுவா வீட்டுக்கு வந்தார். அப்பா உள்ளே கூப்பிட்டதற்கு, தன் காலில் என்ன ஒட்டியிருக்குமோ என்று படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"எம் பொண்ணு கண்ணுல பட்டதால கரையே தப்பிச்சுது" என்றார் அப்பாவிடம், பெருமையாக.

லுவாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் கண்ணிலா பட்டது? நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். குயெனின் முகம் இன்னும் வாடியிருப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"ஆமா மாமா" என்றாள், கஷ்டப்பட்டு.

"இல்லப்பா" என்றாள் குயென். "எங்கிட்ட காட்டினதே லுவாதான். நம்ம இறால் மேல பொறாமைப்பட்டு ஒண்ணொண்ணா உரிச்சுப் பார்த்திருக்கா."

தாம் மாமா லுவாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திதியன்றிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்துச் சிரித்தார்.

"அடுத்த தடவை குஞ்சு விட்டதும் சொல்லி அனுப்புறேன் கண்ணு. தினம் வந்து எங்க குட்டையைப் பார்த்து நல்லாப் பொறாமைப்பட்டுட்டுப் போ."

அது ஒன்றும் தனக்குக் கஷ்டமில்லை என்றாள் லுவா.