நெஞ்சில் நகர்ந்த சிலுவை

கிறிஸ்தோபரின் நெஞ்சில் வரைந்திருந்த மைச்சிலுவை செவ்வாய்க்கிழமை காலை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி நின்றது.

உட்துறைமுகக் கரையில் ஒரு முழுப் பாரைமீனைத் தனியாளாகத் தின்றுவிட்டு, ‘குழம்பு எங்கே’ என்று கேட்கிற மனுசன் அவர். இப்போது உணவுக்குழாயில் புற்று. தேத்தண்ணீர்கூட ஊசிக்கு நூல் கோர்ப்பதுபோலத்தான் இறங்கியது. இருபத்தைந்து நாள் கதிர்ச் சிகிச்சையில் பத்து நாள் முடிந்திருந்தது. மிச்சத்தையும் முடித்தால் சோறு இறங்கும் என்றார் டொக்டர். கதிர் எங்கே பாயவேண்டும் என்பதற்கு அடையாளம்தான் அந்தச் சிலுவை. அழிந்தால் உடனே சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஆயிரம் தரம் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை அவர் தலைமுழுகினார். முழுகாமல் ஞாயிறு பூசைக்குப் போவதா? சிலுவை கரைந்து ஓடிற்று. சொன்னால் எல்லாம் முதலிலிருந்து தொடங்குமே என்ற பயத்தில், மீன்பெட்டியில் பெயர் எழுதுகிற மையால் மனைவி இன்பமலரே ஒன்று கீறிவிட்டாள்.

“கோணலாக் கீறிப்போட்டாய்,” என்றார் செவ்வாய்க்கிழமை.

“நான் நேராத்தான் கீறினனான். உங்கட நெஞ்சுதான் கோணல்!”

புதன்கிழமை இரண்டு விரற்கடை. வியாழன் மூன்று. சவர்க்காரம் போட்டார், மண்ணெண்ணெய் போட்டார், தோல் உரியத் தேய்த்தார். போகவில்லை. மை தோலுக்கு மேலே இல்லை, அடியில் இருந்தது.

அதுவரை ஆஸ்பத்திரியில் வாய் திறக்காமல் அந்தச் சிலுவைக்கே கதிர் வாங்கியவர், வெள்ளிக்கிழமை சொல்லியே விடுவதென்று போனார். யானை உயரத்துக்கு நின்ற இயந்திரத்தின் கீழே, பனிக்கட்டிபோலக் குளிர்ந்த பலகையில், கைகளைத் தலைக்கு மேலே பிடித்தபடி, மருந்து நெடிக்குள்ளே தன் சதையே கருகுவதுபோன்ற ஒரு மணத்தையும் மோந்துகொண்டு அவர் படுத்துக் கிடக்க, இயந்திரம் இயக்குகிற நிரோஷினி சிவப்பு வெளிச்சக் கோட்டைச் சிலுவையோடு பொருத்தினாள்.

சிலுவை இதயத்துக்கு மேலே நின்றது.

“அங்கிள், அடையாளம் அழியேல்லைத்தானே?”

நிப்பாட்டு பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. ஆனால் குரல் வந்தது. அவருடைய குரலேதான். தொண்டைக்கும் கீழே, புற்றுக்கட்டி இருந்த இடத்திலிருந்து.

“ஓம் பிள்ளை. எல்லாம் சரி. தொடங்குங்கோ.”

“கெட்டிக்கார அங்கிள்! அசையாதேங்கோ.”

அவள் போனாள். கனத்த கதவு மூடியது.

ரீங்காரம்.

கத்தினார். சத்தமில்லை.

மேலே, இயந்திரத்தின் கண்ணாடியில் அவருடைய நெஞ்சு தெரிந்தது. தோலுக்கு அடியில் பச்சைக் குழந்தையுடையது போல ஒரு சின்ன விரல் எழும்பியது. துடிக்கிற இடத்தைத் தடவித் தேடியது. கண்டுபிடித்தது. அங்கே, ஆற அமர, அதே மையால் இன்னொரு கோடு இழுத்தது.